கண்ணாடி அலுமாரிக்குள் இருந்த முதலுதவிப் பெட்டி

1

போன திங்கட்கிழமை காலை, ஜேர்மனியில் நான் வேலை செய்யும் பாண் தொழிற்சாலையின் போர்மன் ஹெய்னர் ஒரு புதிய முதலுதவிப் பெட்டியை என் கையில் தந்து, திகதி முடிந்த பழையதைக் குப்பையில் போடச் சொன்னார். போட்டேன். அது உள்ளேதான் கிடக்கிறதா என்று இரண்டு தரம் எட்டியும் பார்த்தேன். பக்கத்தில் நின்ற துருக்கிக்காரர், நான் எதையோ தவறவிட்டுவிட்டேன் என்று நினைத்து, தன் நீண்ட கையை உள்ளே விட்டு அதை எடுத்துத் துடைத்துத் தந்தார். நன்றி சொல்லி வாங்கிக்கொண்டேன். வேண்டாம் என்று சொல்ல எனக்குக் கூச்சம். அவர் போகும்வரை கை கழுவுவதுபோல நின்றுவிட்டு மறுபடியும் போட்டேன்.

ஐந்து வருடத்துக்கு முன்பும் இதேபோல் எறியச் சொல்லி ஒரு பெட்டியைத் தந்தார்கள். அதை நான் எறியவில்லை. ஊருக்கு அனுப்பினேன். பிறகு எங்கள் ஊரான அச்சுவேலியில் யோகன் என்ற மனிதரின் இடது கைப் பெருவிரல் இனி மடங்குமா மடங்காதா என்று வாரக்கணக்கில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும் நிலை வந்தது. அந்தப் பெட்டியின் உண்மையை நான் என் தம்பியிடம் சொல்ல வேண்டியிருந்தது. சொல்லாமலே மூன்று வருடத்தைக் கடத்திவிட்டேன்.

ஊரில் இருந்து வாசிப்பவர்களுக்கு முன்கூட்டியே ஒன்று: நான் ஐந்தாம் வகுப்போடு புத்தகத்தை மூடிவிட்டு வெங்காயத் தோட்டத்துக்குப் போனவன். எழுத்தில் பிழை இருந்தால் அது வெங்காயத்தின் பிழை.

2

என்னிடம் இந்தப் பொறுப்பு வந்தது என் திறமையால் அல்ல. ஒருநாள் எல்லோரையும் கூட்டி, தொழிற்சாலைக்கு முதலுதவி செய்ய ஓர் ஆள் வேண்டும், விருப்பமில்லாதவர்கள் கையை உயர்த்துங்கள் என்றார் ஹெய்னர். எல்லோரும் உயர்த்தினார்கள். எனக்குக் கூட்டத்தில் கையை உயர்த்தக் கூச்சம்.

ஒருநாள் வகுப்புக்கு அனுப்பினார்கள். நிலத்தில் ஒரு பொம்மை படுத்திருந்தது. அதன் தோளைத் தட்டி, நான் பேசுவது கேட்கிறதா என்று கேட்க வேண்டும். நான் மெதுவாகக் கேட்டேன். உரத்துக் கேளுங்கள், இப்படிக் கேட்டால் அவருக்குக் கேட்காது என்றார் ஆசிரியை. எப்படிக் கேட்டாலும் அவருக்குக் கேட்காதுதானே என்று சொல்லும் அளவுக்கு என் ஜேர்மன் மொழி வளரவில்லை. பின்னேரம் ஒரு அத்தாட்சிப் பத்திரம் தந்தார்கள். என் வாழ்க்கையில் கிடைத்த ஒரே பத்திரம். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை போய்ப் பொம்மையை நலம் விசாரித்து வருகிறேன்.

பெட்டிக்குள் என்ன இருக்க வேண்டும் என்று அரசாங்கம் ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. எத்தனை பிளாஸ்டர், எத்தனை சுருள் பன்டேஜ், எத்தனை கையுறை என்று எண்ணி எழுதியிருக்கும். மாத்திரை, களிம்பு எதுவும் வைக்கக் கூடாது. தலையிடிக்கு மாத்திரை கேட்டு வருபவர்களுக்கு நான் பஞ்சைக் காட்டி அனுப்புவேன். என் மகள் ஆரணிதான் அந்தப் பட்டியலை எனக்கு வாசித்துச் சொன்னவள். அவள் ஜேர்மன் மொழியில் சொல்வாள், நான் தமிழில் பதில் சொல்வேன். வெளியில் இருந்து கேட்பவருக்கு இரண்டு வானொலிகளை ஒரே நேரத்தில் திறந்துவிட்டதுபோல் இருக்கும்.

பெட்டியோடு ஒரு கொப்பியும் உண்டு. ஒரு பிளாஸ்டர் எடுத்தாலும் யாருக்கு, எந்த இடத்தில், எப்படிக் காயம் வந்தது என்று அதில் எழுத வேண்டும். முதல் காயத்தை ஆரணி எழுதித் தந்தாள்: பாண் தட்டின் விளிம்பு, இடது கைச் சுட்டுவிரல். அடுத்ததை எழுத அவளுக்கு நேரம் இருக்கவில்லை. நான் முதலாவதைப் பார்த்து எழுதினேன், பெயரை மட்டும் மாற்றி. அதற்கடுத்ததையும் அப்படியே. சில வருடம் கழித்துப் பாதுகாப்பு அதிகாரி ஒருவர் வந்து கொப்பியைப் புரட்டி, இந்தத் தொழிற்சாலையில் எல்லோரும் ஏன் ஒரே விரலை வெட்டிக்கொள்கிறார்கள் என்று அரை நாள் தட்டுகளை அளந்தார். ‘இடது கைச் சுட்டுவிரல் கவனம்’ என்று அவர் ஒட்டிவிட்டுப் போன அறிவித்தல் இன்றும் சுவரில் இருக்கிறது. ஆரணியிடம் சொன்னேன். சிரித்துவிட்டு, அரிதாக, தமிழில் சொன்னாள்: “அப்பா, நீங்கள் தமிழிலையே எழுதியிருக்கலாம். அவர் ஒண்டும் கேட்டிருக்க மாட்டார்.”

3

வெளிநாட்டில் இருக்கும் எங்கள் ஆட்களின் வீட்டு மூலையில் எப்போதும் ஒரு பெரிய மட்டைப் பெட்டி வாயைத் திறந்துகொண்டு இருக்கும். கப்பலில் ஊருக்குப் போகும் பெட்டி. சவர்க்காரம், துவாய், திகதி கிட்டியதால் அரை விலைக்குக் கிடைத்த சொக்கிலேற்று, மகளுக்கு அளவில்லாமல் போன சப்பாத்து எல்லாம் அதற்குள் விழும். அது நிறையும்வரை எங்களுக்கு நித்திரை வராது. எந்தச் சாமானை எறிய வேண்டி வந்தாலும் கை தானாக அந்தப் பக்கம்தான் போகும்.

ஐந்து வருடத்துக்கு முன் ஹெய்னர் எறியச் சொன்ன முதலுதவிப் பெட்டிக்குத் திகதி முடிந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. ஒரு பொதிகூட உடைக்கப்படவில்லை. பாலுக்குத் திகதி இருக்கலாம். துணிக்கு என்ன திகதி, என் வேட்டிக்குத் திகதி போட்டிருக்கிறதா என்று நினைத்தேன். தம்பி சிவநேசன் அச்சுவேலியில் வீட்டோடு சேர்த்து இரும்புப் பட்டறை வைத்திருக்கிறான். இரும்பு வேலையில் காயம் நிச்சயம். அவனுக்கு உதவும் என்று மட்டைப் பெட்டிக்குள் போட்டேன்.

இரண்டு மாதம் கழித்துத் தம்பி தொலைபேசியில் சொன்னான்: “அண்ணை, சாமான் கிடைச்சது. முதலுதவிப் பெட்டி கவனமா வைச்சிருக்கிறன்.”

அவன் குரலில் பெரிய சந்தோசம் தெரியவில்லை. அவனும் என்னைப்போல் கூச்சக்காரன் என்று விட்டுவிட்டேன்.

4

அனுப்பி இரண்டு வருடம் கழித்து ஊருக்குப் போனபோது, அந்தப் பெட்டி பட்டறையில் இல்லை. வீட்டு விறாந்தையில், தம்பி மனைவி வதனியின் சீதனமாக வந்த தேக்குக் கண்ணாடி அலுமாரிக்குள், திறக்காத வாசனைப் போத்தலுக்கும் கண்ணாடி அன்னத்துக்கும் நடுவில் வீற்றிருந்தது.

“பட்டறையிலை வைக்கேல்லையோ?” என்று கேட்டேன்.

“அங்கை தூசி அத்தான்,” என்றார் வதனி. “இவர்தான் உள்ளை வைச்சுப் பூட்டச் சொன்னவர். திறப்பு என்ரை கைப்பைக்குள்ளை கிடக்கு. பிள்ளையளும் கை வைக்கேலாது.”

வெளிநாட்டுச் சாமானைப் பாவிக்காமல் பூட்டி வைப்பது எங்கள் ஊர் வழக்கம்தான். அண்ணன் அனுப்பியதைத் தம்பி இப்படிப் போற்றுகிறானே என்று கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

யோகன் தம்பியோடு நெடுங்காலமாக வேலை செய்பவர். அமைதியான மனிதர், இரண்டு பிள்ளைகளின் தகப்பன். நான் ஊரில் நின்றபோது ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் அவர் ஒரு வாசல் கேற்றுக்கு இரும்பு வெட்டிக்கொண்டிருந்தார். கனடாவில் இருப்பவரின் வீடு. ஆளில்லாத வீடுகளுக்குத்தான் இப்போது ஊரில் பெரிய கேற் போடுகிறார்கள். வதனி கோயிலுக்குப் போயிருந்தார். நான் பட்டறை வாசலில் கதிரை போட்டு இருந்தேன்.

கிரைண்டரின் வெட்டுத் தகடு உடைந்து பறந்தது. யோகன் கத்தவில்லை. “சிவா அண்ணை, கை போட்டுது,” என்று சொல்லிவிட்டு நிலத்தில் இருந்தார். இடது பெருவிரலின் அடிப்பக்கம் பிளந்து இரத்தம் ஓடியது.

வகுப்பில் சொல்லித் தந்தது: முதலில் காயத்தை அழுத்திப் பிடி, கையை உயர்த்து. நான் செய்தது: பெட்டியைத் தேடி ஓடினேன். வருடக்கணக்காகப் பெட்டி காத்தவனுக்கு வரும் வியாதி அது.

“திறப்பு எங்கை?” என்று கத்தினேன். நான் கத்தியதைத் தம்பி அன்றுதான் முதன்முதலில் கேட்டிருப்பான்.

“வதனி கோயிலுக்குக் கொண்டு போட்டாள். அதை விடுங்கோ அண்ணை, துணியாலை கட்டுவம்.”

“கண்ணாடியை உடைக்கிறன்.”

“வேண்டாம் அண்ணை. சொல்லுறனெல்லே, அது வேண்டாம்.”

சீதன அலுமாரிக்குப் பயப்படுகிறான் என்று நினைத்தேன். ஒரு மனிதனின் கையைவிடக் கண்ணாடி பெரிதா என்று கோபம் வந்தது. ஒரு துண்டு இரும்பை எடுத்துக்கொண்டு உள்ளே ஓடி அலுமாரியை அடித்தேன். முதல் அடி, அயல் வீட்டுக் கதவைத் தட்டுவதுபோல் மரியாதையாக விழுந்தது. கண்ணாடி அசையவில்லை. இரண்டாவது அடியில் கண்ணாடியும் உடைந்தது, அன்னமும் உடைந்தது.

திரும்பி வந்தபோது தம்பி கோப்பித்தூள் பேணியைக் காயத்தில் கவிழ்த்து முடித்திருந்தான். பெட்டியைத் திறந்தேன். கையுறையைப் போட்டதும் அது காய்ந்த சருகுபோல் வெடித்து விரல் விரலாக உதிர்ந்தது. ஒட்டும் நாடா ஒட்டவில்லை. காயத்தில் வைக்கும் துணிப் பொதிகளின் விளிம்பு, நான் பிரிக்க முன்னமே தானாகப் பிரிந்திருந்தது. அப்படியானால் உள்ளே இருக்கும் துணி சுத்தமில்லை என்று வகுப்பில் படித்திருக்கிறேன். ஆனாலும் எடுத்து வைத்தேன். வைக்காமல் என்ன செய்வது, தம்பி பார்த்துக்கொண்டு நிற்கிறான். அதன் மேல் துவாயை மடித்து இரண்டு கையாலும் இறுக்கி அழுத்தினேன். அந்தப் பெட்டி வந்த தூரத்துக்கு, கடைசியில் வேலை செய்தது என் இரண்டு கையும் ஊர்த் துவாயும்தான்.

ஒரு சாமான் மட்டும் புதிதுபோல இருந்தது. அடிபட்டவரின் உடல் குளிராமல் போர்த்தும் தங்க நிறத் தாள். யோகன் நடுங்கத் தொடங்க, தம்பி அதை விரித்துக் கழுத்துவரை போர்த்திவிட்டான். அயல் ஓட்டோவில் யோகனை நடுவில் இருத்தி, அவர் கையை நான் தூக்கிப் பிடித்தபடி, அச்சுவேலிச் சந்தை வழியாகப் போனோம். உச்சி வெயிலில் யோகன் தகதகவென்று மின்னினார். சந்தையில் நின்ற ஒரு கிழவர் என்ன ஏதென்று பார்க்காமல் சால்வையை இடுப்பில் கட்டி ஒதுங்கி நின்றார். வாழ்க்கையில் நான் பல திருவிழா பார்த்திருக்கிறேன். இரத்தம் சொட்டச் சொட்ட ஒரு சாமியைக் கொண்டுபோனது அன்றுதான்.

5

ஆஸ்பத்திரியில் காயத்தைக் கழுவிய நேர்ஸ் நிமிர்ந்து பார்த்தார்.

“கோப்பித்தூள் ஆர் போட்டது?”

“நான்தான் மிஸ்,” என்றான் தம்பி.

“ஆக்கள் வந்தால் கோப்பி குடுங்கோ. காயத்துக்குக் குடாதேங்கோ.”

அங்கிருந்து யாழ்ப்பாணம் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். பெருவிரலை மடக்கும் நரம்பு பாதி அறுந்திருந்தது. தைத்தார்கள். மூன்றாம் நாள் காய்ச்சல் வந்தது, காயம் சீழ் பிடித்தது. திரும்பவும் திறந்து கழுவினார்கள். விரல் மடங்குமா என்று கேட்டதற்கு, பொறுத்துத்தான் பார்க்க வேண்டும் என்றார் டொக்டர்.

எல்லாப் பழியும் கோப்பித்தூளின் தலையில் விழுந்தது. வதனி அலுமாரியைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. ஆனால் தம்பி சாப்பிட இருக்கும்போதெல்லாம் கேட்டார்: “விசரே உங்களுக்கு? ஜேர்மனியிலை இருந்து வந்த மருந்துப் பெட்டி வீட்டிலை இருக்க, கோப்பியை ஏனப்பா கொட்டினனீங்கள்?” யோகனின் மனைவியும் கேட்டார். பட்டறைக்கு வந்தவர்கள் எல்லோரும் கேட்டார்கள். தம்பி தலையைக் குனிந்துகொண்டு, “அந்த நேரம் மூளை வேலை செய்யேல்லை,” என்பான்.

பக்கத்துக் கதிரையில் நான் இருப்பேன். பிரிந்து கிடந்த துணிப் பொதிகளைப் பார்த்தவன் நான். சீழ் பிடித்தது கோப்பியாலா அந்தத் துணியாலா என்று எந்த டொக்டராலும் சொல்ல முடியாது. சொல்ல வேண்டியது நான். வாயைத் திறப்பேன், சோற்றை வைத்து மூடிவிடுவேன். இதுவரை என் கூச்சத்தை ஒரு நல்ல குணம்போல எல்லோரும் சொல்லி, நானும் நம்பியிருந்தேன். அந்தச் சாப்பாட்டு மேசையில்தான் அதற்கு வேறு பெயரும் இருக்கிறது என்று விளங்கியது.

6

சொல்ல முடியாதவன் ஏதாவது செய்வான். நான் பஸ் ஏறி யாழ்ப்பாணம் போய், ஒரு மருந்துக் கடையில், முதலுதவிப் பெட்டி ஒன்று வேண்டும் என்று எனக்கு மனப்பாடமாக இருந்த ஜேர்மன் பட்டியலைச் சொன்னேன். கடைப் பெண் பட்டியலைக் கேட்கவில்லை.

“என்ன வேலை நடக்கிற இடம்?”

“இரும்பு வேலை.”

“எத்தினை பேர்?”

“மூண்டு பேர்.”

“அப்ப முதல் கண்ணுக்குப் பாருங்கோ ஐயா. இரும்புத்தூள் விழுந்தால் கழுவ உப்புத் தண்ணிப் போத்தல். நெருப்புக் காயத்துக்கு ஒட்டாத துணி. விரலுக்கு வாற பிளாஸ்டர் கூட. பெரிய காயத்துக்கு அழுத்திக் கட்டுற பன்டேஜ் நாலு. மற்றது எல்லாம் ஆடம்பரம்.”

பத்து வருடம் அத்தாட்சிப் பத்திரம் வைத்திருந்த எனக்கு இது தோன்றவில்லை. பாண் சுடும் இடத்துக்கான பெட்டியை இரும்பு வெட்டும் இடத்துக்கு அனுப்பியிருக்கிறேன். அதில் கண் கழுவ ஒரு சொட்டுத் தண்ணீர் இருக்கவில்லை. அவர் ஒவ்வொரு பொதியையும் என் பக்கம் திருப்பி, “திகதி பாருங்கோ ஐயா, பிறகு என்னிலை பிழை சொல்லக் கூடாது,” என்றார். என் காது சூடானது.

பெட்டியாக, இறுக்கமான மூடியுள்ள ஒரு பெரிய பிளாஸ்டிக் சாப்பாட்டுப் பெட்டியை வாங்கினேன். பூட்டு இல்லை. ஒரு கையால் திறக்கலாம், ஏனென்றால் மற்றக் கையில்தான் காயம் இருக்கும். பட்டறைக்குள், தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில், வெயிலும் வெல்டிங் பொறியும் படாத சுவரில், நெஞ்சு உயரத்தில் தட்டு அடித்து வைத்தேன். எந்தப் பொதியின் திகதி முதலில் முடிகிறதோ அந்தத் திகதியை மூடியில் பெரிதாக எழுதி ஒட்டினேன். கை ஆறி வந்தபின், மாதத்தில் முதல் வெள்ளிக்கிழமை யோகன் திறந்து பார்ப்பதாக ஏற்பாடு. பிளாஸ்டர் குறையும், அயலவர்கள் கேட்டு வாங்குவார்கள், குழந்தைகள் காயமில்லாமலே ஒட்டிக்கொள்வார்கள். குறைகிற பெட்டிதான் உயிரோடு இருக்கிற பெட்டி. வருடக்கணக்காக நிறைந்தே இருக்கும் பெட்டியைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

தம்பி நான் ஆணி அடிப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றான். “நல்ல இடம் அண்ணை,” என்றான். அவ்வளவுதான்.

7

திரும்பிப் போக இரண்டு நாள் இருந்தபோது யோகனின் வீட்டுக்குப் போனேன். தையல் பிரித்திருந்தார்கள். மனைவி தேத்தண்ணி போட உள்ளே போனதும், வழியெல்லாம் பாடமாக்கி வந்ததை ஒரே மூச்சில் ஒப்புவித்தேன்.

“யோகன், அந்தப் பெட்டி திகதி முடிஞ்சது. அங்கை எறியச் சொன்னதைத்தான் அனுப்பினனான். உமக்குச் சீழ் பிடிச்சது கோப்பியாலை எண்டு எல்லாரும் சொல்லினம். அந்தத் துணியாலையும் இருக்கலாம்.”

“தெரியும் அண்ணை,” என்றார் யோகன்.

“என்ன தெரியும்?”

“திகதி முடிஞ்சது தெரியும். பெட்டி வந்த அண்டைக்கு நானும் சிவா அண்ணையும்தானே திறந்தனாங்கள். பாஷை விளங்கேல்லை. இலக்கம் விளங்கும்தானே.”

“பிறகேன் எறியேல்லை?”

“எறிஞ்சால், நீங்கள் வந்து எங்கை எண்டு கேப்பியளாம். பட்டறையிலை வைச்சால் ஆரும் எடுத்துக் காயத்திலை போட்டிடுவினமாம். அதுதான் உள்ளை வைச்சுப் பூட்டினவர். வதனி அக்காவுக்கும் சொல்லேல்லை. ‘அண்ணை பாவம், அந்தப் பாஷை வாசிக்கத் தெரியாமல் அனுப்பிப் போட்டார். கேள்விப்பட்டால் வெக்கப்படுவார், வாய் திறவாதை’ எண்டு என்னட்டைச் சொன்னவர்.”

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அன்று ‘வேண்டாம் அண்ணை’ என்று அவன் தடுத்தது கண்ணாடிக்காக அல்ல. நான் அந்தத் துணியைக் கொண்டுவர முன்னம் அவசரமாகக் கோப்பித்தூளைக் கவிழ்த்ததும் மூளை வேலை செய்யாமல் அல்ல. எல்லோர் முன்னும் ஏச்சு வாங்கியபோது ஒரு சொல் சொல்லியிருந்தால் அவன் தப்பியிருப்பான். சொல்லவில்லை.

“இஞ்சை பாருங்கோ,” என்று யோகன் கையை நீட்டினார். பெருவிரல் மெதுவாக, துருப்பிடித்த கொண்டிபோல, பாதிவரை மடங்கி நின்றது. “நேற்று இவ்வளவு இல்லை. கிரைண்டர் பிடிக்க உது காணும்.”

இப்போது முக்கால்வாசி மடங்குகிறது. மழைக்காலத்தில் விறைக்கிறதாம்.

ஊரை விட்டு வெளிக்கிடும்வரை தம்பியிடம் நான் எதுவும் கேட்கவில்லை. அவன் இவ்வளவு பாடுபட்டு மூடி வைத்ததைத் திறந்தால் அவனுக்குத்தான் சங்கடம் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். அது கேட்க நன்றாக இருந்தது. உண்மை அதுவல்ல. தம்பி எனக்காக ஒரு பொய்யை நம்பியிருந்தான்: அண்ணைக்கு வாசிக்கத் தெரியாது என்று. இலக்கம் எனக்கும் விளங்கும்.

8

போன திங்கட்கிழமை, துருக்கிக்காரர் எடுத்துத் தந்த பெட்டியை இரண்டாவது தரம் குப்பையில் போட்டபின், சாப்பாட்டு நேரத்தில் தம்பிக்கு எடுத்தேன். ஊரில் பின்னேரம். பட்டறைச் சத்தம் கேட்டது.

“சிவா, ஒரு விசயம். யோகன் எல்லாம் சொன்னவர், மூண்டு வருசத்துக்கு முன்னமே.”

“எதை?”

“பெட்டியை ஏன் பூட்டி வைச்சனீ எண்டு.”

தம்பி யாரையோ கிரைண்டரை நிற்பாட்டச் சொல்வது கேட்டது. பட்டறை அமைதியானது.

“அது பரவாயில்லை அண்ணை. தெரியாமல் செய்தது. விடுங்கோ.”

“தெரியாமல் இல்லை,” என்றேன். “திகதி முடிஞ்சது எண்டு தெரிஞ்சுதான் அனுப்பினனான். கோப்பிக்கு நீ ஏச்சு வாங்கேக்கையும் தெரிஞ்சுதான் சும்மா இருந்தனான்.”

தொடர்பு அறுந்துவிட்டதோ என்று தொலைபேசியைப் பார்த்தேன். அறவில்லை. நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன.

“அண்ணை,” என்றான் தம்பி கடைசியில்.

“ஓம்.”

“அப்ப வருசா வருசம் அனுப்புற சொக்கிலேற்றும் தெரிஞ்சுதான் அனுப்பினனீங்களோ?”